உன் மருமகனைச் சந்தித்தேன்

கண்டி,
ஞாயிறு இரவு

அன்பின் நண்பனுக்கு,

உன் நீண்ட கடிதம் வந்து பத்து நாட்களாகின்றன. உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமல்ல. நாம் படித்த பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே இப்போது படிக்கும் உன் அக்காவின் மகனை நேரில் பார்த்துப் பேசாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று இருந்தேன். நேற்று மாலை அவனைப் பார்த்தேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. எல்லோரும் நலம். மூத்தவள் இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள். அவளைவிட அவளுடைய தாய்க்குத்தான் பரீட்சை நடப்பதுபோல் வீடு இருக்கிறது. உன் முழங்கால் கனடாவில் ஸ்காபரோவின் பனிக்கு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

பேராதனைக் கலஹா சந்தியில் நாம் வழக்கமாக உட்காரும் கடை இப்போது வேறு யாருடையதோ ஆகிவிட்டது. அதற்குப் பக்கத்துக் கடையில் அவனை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். நாலே முக்காலுக்கு வந்தான். வந்தவன் கையில் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இருபது ஆண்டுகளுக்கு முன் நீயும் நானும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ மலருக்கு விளம்பரம் கேட்டுக் கண்டி கொழும்பு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கியபோது சுமந்து திரிந்ததும் அதே மாதிரியான, மூலை மடிந்து, கார்பன் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த புத்தகம்தான். அவன் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறான், மலருக்கு விளம்பரம் சேர்க்கிறான், நாடகத்துக்கு ஒளியமைப்பும் செய்கிறான். இவையெல்லாம் போக, கால்நடை மருத்துவ பீடத்தில் ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்திருக்கிறான். போன அரையாண்டில் இரண்டு பாடங்களில் தவறியிருக்கிறான். உன் அக்கா தொலைபேசியில் அழுததற்கு இத்தனையும் சேர்ந்துதான் காரணம் என்று நீ எழுதியிருந்தாய். சங்கத்தை விடச் சொல், அந்தப் பெண்ணை மறக்கச் சொல், புத்தகத்தை எடுக்கச் சொல் என்று மூன்று கட்டளைகளையும் என் தலையில் வைத்தாய். மூன்றில் ஒன்றையும் நான் அவனிடம் சொல்லவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்தோம். அவனும் பொறியியல் மாணவன்தானே. இப்போதைய இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, செய்முறை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்ந்து 50 மணித்தியால உழைப்பு. ஓர் ஆண்டுக்கு 30 கிரெடிட் என்றால் 1500 மணித்தியாலம். அதை முப்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 50 வருகிறது. வாரத்தில் இருப்பது 168 மணித்தியாலம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் நித்திரைக்கு விட்டாலும் (அவன் வயதில் யார் விட்டது?) இன்னும் 62 மணித்தியாலம் மிஞ்சுகிறது. குளிப்பு, சாப்பாடு, விடுதியில் தண்ணீருக்குக் காத்திருப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு நாடகத்துக்கும் ஒரு காதலுக்கும் அதில் தாராளமாக இடம் உண்டு. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் இதை எழுதிக் காட்டியபோது அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அந்த நேரமெல்லாம் எங்க அங்கிள் போகுது?” என்று கேட்டான். எனக்கு விடை தெரிந்த கேள்வி அது. ஆனால் அந்த விடை எனக்குக் கிடைத்தது இருபத்திரண்டு வயதில் அல்ல, அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு.

உனக்கு நினைவிருக்கும், மகாவலியின் ஒரு கரையில் நம் பொறியியற் பீடம், மறு கரையில் கலைப்பீடமும் ஒத்திகை மண்டபமும், நான் அப்போது விரும்பிய அவளும். இடையில் அக்பர் பாலம். அந்த இரண்டாம் ஆண்டில் நான் அந்தப் பாலத்தை ஒரு நாளில் எத்தனை முறை கடந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. வேலை மிகுதியால் அங்குமிங்கும் ஓடுகிறேன் என்றுதான் அப்போது எல்லோரிடமும் சொன்னேன், நானும் நம்பினேன். உண்மை வேறு. கட்டமைப்புப் பகுப்பாய்வு விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளப் பயந்த அன்றெல்லாம் ஒத்திகைக்கு என்னை அவசரமாகத் தேடுகிறார்கள் என்று பாலம் கடந்தேன். ஒத்திகையில் நெறியாள்கை செய்த அண்ணன் கடிந்துகொண்ட அன்று அவளைப் பார்க்கப் போனேன். அவள், “மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு நாம் என்ன செய்யப்போகிறோம்?” என்று கேட்ட அன்று, எனக்கு நாளைக்குச் செய்முறை அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்லி மீண்டும் இக்கரைக்கு வந்தேன். ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றில் ஒளிந்துகொண்டதை நான் மூன்று வேலை பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று இடத்திலும் என் உடல் இருந்தது. எந்த இடத்திலும் முழு மனதோடு ஒரு மணித்தியாலம் இருந்ததில்லை.

இதை உன்னிடம்கூட நான் இதுவரை சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் நீ பாதிதான் அறிவாய். சரசவி உயன புகையிரத நிலையத்தில் மூன்று மணிக்குச் சந்தித்து, புகையிரதத்தில் கண்டிக்குப் போய், வாவியைச் சுற்றி நடந்துவிட்டு இருட்டும் முன் திரும்புவது என்று பேசியிருந்தோம். நான் விளக்குகளுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு முடியாது என்பது எனக்குக் காலையிலேயே தெரியும். அதை அவளிடம் சொன்னால் முகம் வாடுமே என்று, “வந்துவிடுவேன்” என்றேன். அப்போது அவளிடம் கைத்தொலைபேசி இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாகிவிட்டது. நிலைய மேடையின் ஓரத்து வாங்கில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. அந்தக் காலத்துத் தடித்த அட்டைப் பயணச்சீட்டு இரண்டு கையில் இருந்தது. ஒன்றை என்னிடம் நீட்டி, “நேரம் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நூலகத்துக்குப் போயிருப்பேன்” என்று மட்டும் சொன்னாள். வியர்வையில் நனைந்து அந்த அட்டையின் ஓரம் பஞ்சுபோல் பிரிந்திருந்தது. அவள் குறைப்பட்டது நான் சங்கத்துக்குப் போனதை அல்ல, என் சொல்லை வைத்து அவளால் ஒரு பிற்பகலைக்கூடத் திட்டமிட முடியவில்லை என்பதை. அதற்குப் பின்னும் ஆறு மாதம் நாங்கள் பழகினோம், ஆனால் அந்த உறவு முடிந்தது அன்றுதான்.

இந்தக் கதையை உன் மருமகனிடம் பெயர் ஊர் இல்லாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் தன் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, வாட்ஸ்அப் குழுக்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். செயற்குழுவுக்கு ஒன்று, செயற்குழுவிலேயே சிலரை விலக்கி இன்னொன்று, நாடகத்துக்கு, மலருக்கு, வகுப்புக்கு, மாணவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கும் குப்பிக்கு என்று பதினான்கு. நம் காலத்தில் ஒரு பொய் வெளிப்பட இரண்டு மணித்தியாலம் ஆனது. இவனுக்கு நீல நிறச் சரிக்குறி இரண்டு நொடியில் காட்டிக்கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கு இருக்கும் ஒரே பீடம் அது. பாடச்சுமை பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “அவளுக்கு என்னைவிட வேலை கூட அங்கிள். ஆனா அவள் வாறன் என்றால் வருவாள், ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுவாள்” என்றான். அந்தப் பிள்ளையை மறக்கச் சொல்லி நான் இவனுக்கு எப்படிப் புத்தி சொல்வது? அவனுக்குத் தெரிந்தவர்களில் நேரத்தைச் சரியாகக் கையாளும் ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது.

இனிச் சங்கம். விட்டுவிடச் சொல்கிறாய். நாம் அங்கே பெற்றதை மறந்துவிட்டு இப்படி எழுதுகிறாயோ என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அறுபதுகளில் பேராசிரியர் வித்தியானந்தன் இதே வளாகத்தின் மாணவர்களை வைத்துத்தான் நாட்டுக்கூத்தை நவீன மேடைக்கு ஏற்றபடி செப்பனிட்டு அரங்கேற்றினார். அப்போது மாணவராக ஆடிய மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அந்தக் கலைக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். எல்லா மாணவரும் மௌனகுரு ஆகிவிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் இப்போது செய்வது நீர்க்குழாய்களுக்கு மதிப்பீடு போடும் வேலை. இருந்தாலும், சிங்கள மாணவர்கள் பள்ளம் என்ற பொருளில் ‘வல’ என்று அழைக்கும் அந்தத் திறந்தவெளி அரங்கில், மர வேர்களுக்கிடையே கல்லில் உட்கார்ந்திருந்த கூட்டம் நம் விளக்கு அணைந்த கணத்தில் மூச்சடங்கிப்போனதை, மொழி விளங்காத நண்பர்கள்கூட எழுந்து கைதட்டியதை, எந்த வகுப்புச் சித்திக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒரு வேறுபாட்டை அவனுக்கு அழுத்திச் சொன்னேன். மேடை வேலைக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. நாடகம் நடந்து, வயரைச் சுருட்டி, வாடகைக்கு எடுத்த விளக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது முடிந்துவிடும். பதவிக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. கூட்டம், கூட்டக் குறிப்பு, கணக்கு, கோபித்துக்கொண்டவரைச் சமாதானப்படுத்துவது, சமாதானப்படுத்தப் போனவரைச் சமாதானப்படுத்துவது என்று அது வருடம் முழுவதும் கசிந்துகொண்டே இருக்கும், குழாயில் விழுந்த சிறு வெடிப்பைப் போல; எங்கே போகிறது என்று தெரியாமலே தொட்டி வற்றிவிடும். அவனுடைய 62 மணித்தியாலத்தில் பெரும்பகுதி ஒத்திகையிலோ அந்தப் பெண்ணோடோ போகவில்லை என்று அவனே எண்ணிப் பார்த்துச் சொன்னான். மலர் வெளிவந்ததும் செயற்குழுவிலிருந்து விலகி, ஒளியமைப்பை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறானாம். இந்த முடிவுக்கு நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அடுத்த வருடம் தலைவர் பதவிக்கே நின்றிருப்பான், உன் மருமகன் அல்லவா.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. 80 வீத வரவு இருக்கிறது, அதனால் பரீட்சை எழுதத் தடையில்லை. தவறிய பாடங்களை இனி எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது என்பதால் முதல் வகுப்பு கையைவிட்டுப் போகலாம், பட்டம் போகாது. இதை உன் அக்காவுக்குப் புரியும்படி நீதான் சொல்ல வேண்டும். அவனுக்கு உண்மையில் தேவைப்பட்டது, விளங்கவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய ஓர் ஆள். எனக்கு அந்த ஆளாக நீ இருந்தாய். மீள் பரீட்சைக்கு முதல் நாள் இரவு, விடுதி நடைபாதையில், எழுதத் தாள் இல்லாமல் நம் நாடக அறிவித்தலைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் நீ கட்டமைப்புப் பாடத்தின் பெண்டிங் மோமென்ட் (வளைவுத் திருப்பம்) வரைபடத்தை ஆறு தடவை வரைந்து காட்டினாயே, அன்றைய குப்பி இல்லையென்றால் நான் இன்னொரு வருடம் அங்கே இருந்திருப்பேன். எண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்திலிருந்து வந்த பெயர் அது என்பார்கள். இப்போது குப்பியும் சூமில் நடக்கிறதாம், குரலை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டே கேட்கலாமாம். அதனால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவனை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வர முடியாவிட்டால் சனி இரவே சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இன்று முதல் ஞாயிறு. எட்டு ஐம்பதுக்கு வாசலில் நின்றான், தோசை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவிதான் தயாராக இருக்கவில்லை.

நீ அக்காவுக்கு நாளைக்கே தொலைபேசி எடு. இரண்டு பாடங்களையும், அவன் பதவியை விடப்போவதையும் விளக்கமாகச் சொல். அந்தப் பெண்ணைப் பற்றி அக்கா யாரிடமோ கேள்விப்பட்டதாகச் சொல்லித் துருவுவார்; தெரியாது என்று பொய் சொல்லாதே, “அவனையே கேள்” என்று சொல்லிவிடு. தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போகும்போது தானே வாய் திறந்து சொல்வதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அதுவரை அக்காவைப் பொறுத்திருக்கச் செய்வது உன் பொறுப்பு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்