மீட்டர் வரும்வரை மானியத்தை நிறுத்தி வைக்காதீர்கள்

புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக் கூரையில் சூரிய மின் பேனல் பொருத்தினால் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம் என்ற அறிவிப்பை நம்பி, அந்த மானியத் தொகையையும் சேர்த்து முழுப் பணத்தையும் கடன் வாங்கி முன்கூட்டியே கட்டிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. உள்நாட்டில் தயாரான பேனலுக்கே மானியம் என்றீர்கள். விலை கூடுதலானாலும் அதையே வாங்கினோம். எல்லாம் முடிந்தும், வீட்டுக்குள் வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் தனித்தனியே கணக்கிடும் நெட் மீட்டர் மட்டும் வரவில்லை. மீட்டர் பொருத்தி இணைப்பு கொடுத்தால்தான் மானியம் என்பதால் அதுவும் வரவில்லை.

மொட்டை மாடியில் நல்ல வெயில் காய்கிறது. பறவை எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று பேனல்களை நாங்கள் தவறாமல் கழுவித் துடைக்கிறோம். ஆனால் பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் கீழே அணைந்தே கிடக்கிறது. பழைய மீட்டரோடு ஓட்டினால், நாம் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே அது கணக்கில் ஏற்றிவிடக்கூடும் என்று பேனல் பொருத்தியவர் எச்சரித்துவிட்டுப் போனார். நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தர வேண்டிய பேனல்கள் சும்மா கிடக்க, மின்கட்டணத்தையும் கட்டுகிறோம், வங்கித் தவணையையும் கட்டுகிறோம். தவணைத் தேதி மீட்டருக்காகக் காத்திருப்பதில்லை.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டால், "மீட்டர் ஸ்டாக் இல்லை, வந்ததும் கூப்பிடுகிறோம்" என்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இல்லாத மீட்டரை அவர் எங்கிருந்து கொடுப்பார்? ஆனால் விண்ணப்பதாரர் தம் பங்கை முடித்த பிறகு 15 நாட்களுக்குள் இணைப்பு கொடுக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது மத்திய அரசுதானே? கூரை சூரிய மின்சாரத்தைப் பரப்பும் மின் விநியோக நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையாக 4,950 கோடி ரூபாயை ஒதுக்கியதும் இதே திட்டம்தானே? நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தர முடிகிற அரசு, அவற்றின் தாமதத்தால் தவிக்கும் வீடுகளை மட்டும் ஏன் கைவிடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. படிவத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் எங்கள் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அவர்களுடைய கெடு தவறினால் கேட்க ஆளில்லை.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பேனல்களைப் பொருத்திய பிறகு ஓர் அதிகாரியை அனுப்பி நேரில் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சரியாக இருந்தால், மீட்டர் வந்தாலும் வராவிட்டாலும் 15 நாட்கள் கழிந்ததுமே மானியத்தை விடுவியுங்கள். மீட்டர் தருவது எங்கள் கையில் இல்லாதபோது, அதன் தாமதத்துக்கான வட்டியை எங்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இத்திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான். அதற்குள் ஒரு கோடி வீடுகள் என்பது தங்கள் இலக்கு. எங்கள் தெருவிலேயே பேனல் போடலாமா என்று விசாரித்து வந்தவர்கள், எங்கள் வீட்டு நிலையைப் பார்த்துவிட்டுப் பொறுத்திருந்து பார்ப்போம் என்று போய்விட்டார்கள். 15 நாட்களைக் கடந்த விண்ணப்பங்களுக்கு மானியத்தை உடனே விடுவிக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மானியத்துக்குக் காத்திருக்கும் ஒரு மின்நுகர்வோர்