ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிடாதே, அக்கா

ரூவி, மஸ்கட்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நான் நலம். அத்தானுக்கு முட்டுவலி தேவலையா? போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்த பிறகுதானே திட்ட முடியும்.

ஓடு மாற்றுவதற்காகப் பரணை ஒழித்தபோது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சில்லறை கிடந்தது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடவா என்று போன ஞாயிறு கேட்டாய். நானும் ஏதோ நினைப்பில் 'ம்' என்று சொல்லிவிட்டேன். கொடுத்துவிடாதே. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஊரில் சில்லறைக்குப் பெயரே பைசா, தெரியுமா? ஆயிரம் பைசா சேர்ந்தால் ஒரு ரியால். வந்த புதிதில் சாயாக்கடைச் சேட்டன் "நூறு பைசா" என்றதும், அட, ஒரு ரூபாய்தானே என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அறைக்கு வந்து யோசித்தால் அது நம்மூர் இருபது ரூபாய்க்கு மேல். இரண்டு நாள் சாயா குடிக்கவில்லை. ஊரில் யாரும் சீந்தாத பைசாவும் நம்மைப் போலவே கல்ஃபுக்கு வந்து பிழைத்துக்கொண்டது என்று நினைத்துக்கொள்வேன்.

சும்மா வந்துவிடவில்லை அது. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஓடியது நம் ரூபாய்தான். தங்கக் கடத்தலில் நம் நோட்டு இங்கே வந்து குவிகிறது என்று 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அடித்தது. பிறகு பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் பணத்துக்கு மாற, ஓமன் மட்டும் 1970 வரை ரூபாயை விடவில்லை. பைசா என்ற பேரை இன்னும் விடவில்லை.

போன மாதம் மத்ரா சூக்குக்குப் போயிருந்தேன். கடலோரத்துப் பழைய சந்தை அது. சாம்பிராணி வாசனை மூக்கைத் துளைக்கும். உள்ளே ஒரு கிழவர் கடையில் பழங்காசு விற்கிறார். மரியா தெரசா மகாராணி தலை போட்ட பெரிய வெள்ளிக்காசுகள் கிடந்தன. எந்தக் காசைத் திருப்பினாலும் 1780 என்றுதான் இருக்கும், எப்போது அடித்ததாக இருந்தாலும் சரி. ஒரு தட்டில் ஜார்ஜ் ராஜா காலணாக்கள். அதற்குள் விரலை விட்டுக் கிளறினேன். மஞ்சளாக ஒன்று மேலே வந்தது. தாமரைக் காசு, அக்கா. பித்தளை இருபது பைசா. எனக்குக் கை வேர்த்துவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியாது.

நம்மிடம் இருந்த காசெல்லாம் உனக்கு ஓர்மை இருக்கிறதா? ஐந்து பைசா சதுரம். மூன்று பைசாவுக்கு ஆறு மூலை. ஓரம் நெளிநெளியாக இரண்டு பைசாவும் பத்து பைசாவும். எல்லாம் அலுமினியம். கனமே இருக்காது, தண்ணீரில் மெதுவாகக் கிடத்தினால் மிதக்கும். கிணற்றடித் தொட்டியில் நாம் விட்ட கப்பல்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு டவுசர் பைக்குள் தடவியே எது எத்தனை பைசா என்று சொல்வேன். பைசா வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் இருபத்தைந்துக்கு நாலணா, ஐம்பதுக்கு எட்டணா என்றுதான் பெயர். பள்ளிக்கூட வாசலில் தேன் மிட்டாய் வாங்க நான் உன்னிடம் கெஞ்சிய ஐந்து பைசாக்களைக் கூட்டினால் இன்றைக்கு ஒரு சாயா விலை தேறுமா, சந்தேகம்தான்.

பாட்டிதான் பாவம். திங்கள் சந்தையில் கருப்பட்டி விற்றவளுக்கு ஒரே ஆயுளில் மூன்று கணக்கு. முதலில் திருவிதாங்கூர் மகாராஜா காசு: பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். அது போய் அணா. 1956 நவம்பரில் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். சேர்ந்த ஐந்தே மாதத்தில், அணாவோடு பழகி முடிப்பதற்குள், 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. ஆனால் சாகும்வரை அவள் வாயில் பணம் என்றால் சக்கரம்தான். "கையில சக்கரம் இல்ல மக்ளே" என்று சொல்லிக்கொண்டே முறுக்கான் பெட்டியைத் திறப்பாள். அடியில் சங்கு போட்ட செம்புச் சக்கரம் ஒன்று இருக்கும். அதை நம் கையில் மட்டும் தரமாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் ஒரு தாமரைக் காசு வைத்திருந்தாளே, அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஊரே பேசிய காலம். ஒருநாள் அது காணாமல் போனது. வளையல் வாங்க நீ எடுத்துவிட்டாய் என்று பூவரசங்கம்பால் உன்னை அடித்தாள். எடுக்கவே இல்லை என்று நீ அழுதாய். நான் அடுக்களை வாசலில் நின்று மரச்சீனிக்கிழங்கு தின்றுகொண்டு பார்த்தேன்.

எடுத்தது நான்தான்.

1979-இல் நம் பக்கம் ரயில் வந்ததும் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்ததே, அப்போது. தண்டவாளத்தில் காசு வைத்தால் தகடாகும் என்றார்கள். அலுமினியக் காசை வைத்துப் பார்த்தேன், காகிதம் போல ஆனது. தங்கம் எப்படி ஆகும் என்று பார்க்க ஆசை. இரணியல் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். வண்டி போன பிறகு சரலுக்குள் முக்கால் மணி நேரம் தேடினேன். கிடைத்தபோது ஒரு பக்கம் இழுபட்டு நீண்டிருந்தது, தாமரை இல்லை. வீட்டில் காட்டப் பயம், எறியவும் மனசில்லை. பாட்டிலுக்குள் போட்டு மேலே சில்லறையைக் கொட்டிவிட்டேன். அதற்குள் உனக்கு அடி விழுந்து முடிந்திருந்தது.

பாட்டிலைக் கவிழ்த்துப் பார், அடியில் இருக்கும். மற்றபடி அதில் விலைபோகிற சரக்கு ஒன்றும் இல்லை. நாலணாவும் அதற்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. பழங்காசுக்கு லட்சம் தருகிறோம் என்று போனில் வருவதையெல்லாம் மருமகன் நம்ப வேண்டாம். முதலில் கமிஷன் கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021-இலேயே எச்சரித்தது.

மத்ரா கிழவரிடம் விலை கேட்டேன். ஐந்நூறு பைசா என்றார். இருபது பைசாவுக்கு ஐந்நூறு பைசா! பேரம் பேசவில்லை. டிசம்பரில் வரும்போது உன் கையில் தருகிறேன். சாமி படத்துக்கு முன்னால் வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம்.

ஓட்டு வேலைக்குப் பணம் திங்கட்கிழமை அனுப்புகிறேன். மழைக்கு முன்னால் முடிக்கச் சொல்.

அன்புடன்,
தம்பி