அப்பாவின் ஹெரால்டும் ஓர் இரும்புத் தண்டும்

தாம்பரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் நலனையும் வீட்டில் அனைவருடைய நலனையும் அறிய ஆவல். உன் மகள் இங்கிலாந்திலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்த பொட்டலம் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று தொலைபேசியில் ஒரு வரிதான் சொன்னேன். அதில் இருந்த பித்தளை வளையங்களும் லே ஷாஃப்ட் என்ற தண்டும் ஊசி ரோலர்களும் இப்போது எங்கே இருக்கின்றன, என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை நீ விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஹெரால்டு கார் என் வீட்டில் நின்றாலும் அது உன் அப்பாவின் வண்டி. அதன் கியர் பாக்ஸைப் பிரித்தபோது அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிய வந்த ஒரு செய்தியும் இருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நீ வந்திருந்தபோதே ஹெரால்டு முனகத் தொடங்கியிருந்தது உனக்கு நினைவிருக்கும். முதல் மூன்று கியர்களிலும் ஒரு இழுவைச் சத்தம், நான்காவதில் போட்டவுடன் அமைதி. இரண்டாவது கியர் விழும்போதெல்லாம் பல் கடிக்கும் ஓசை. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். இதற்கு முன் நான் வண்டியை விட்டிருந்த ஒரு பணிமனையில் எஞ்சினையே இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நல்லவேளையாக, அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன் நம் மெக்கானிக் பாயை அழைத்துவந்து காட்டினேன். எழுபது வயதைத் தாண்டிவிட்டாலும் அவருடைய காது இன்னும் மங்கவில்லை. வண்டியை நிறுத்தி வைத்து நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை அழுத்தச் சொன்னார். சத்தம் நின்றது. காலை எடுத்தேன், மறுபடியும் வந்தது. "எஞ்சின்ல ஒண்ணுமில்ல சார், லே ஷாஃப்ட் தேஞ்சு போச்சு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அவர் சொன்னதன் காரணத்தை யோசித்துப் பார்த்தால் எவ்வளவு தெளிவான தர்க்கம் என்பது புரியும். எஞ்சினின் சுழற்சி முதலில் இன்புட் ஷாஃப்டுக்கு வருகிறது. அதிலிருந்து கீழே இருக்கும் லே ஷாஃப்டின் கியர் தொகுதிக்கு இறங்கி, அங்கிருந்து மேலே மெயின் ஷாஃப்டுக்கு ஏறித்தான் பின்சக்கரங்களுக்குப் போகிறது. நான்காவது கியரில் மட்டும் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராக ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால், கீழேயுள்ள தொகுதி சும்மா சுற்றுகிறதே தவிர சுமை எதையும் தாங்குவதில்லை. ஆகவே மூன்றில் முனகி நான்கில் அடங்கும் சத்தம் அங்கிருந்துதான் வர முடியும். கிளட்சை அழுத்தினால் அந்தத் தொகுதியே நின்றுவிடும், சத்தமும் நின்றுவிடும். ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பிரிக்கத் தொடங்குபவர்களிடம் பழைய வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஹெரால்டின் கியர் பாக்ஸைக் கழற்ற வண்டிக்கு அடியில் படுக்க வேண்டிய நேரம் மிகக் குறைவு. அது வண்டியின் உள்பக்கமாகவே வெளியே வருகிறது. முன் இருக்கைகள் இரண்டையும் எடுத்துவிட்டு, விரிப்பைச் சுருட்டி, நடுவில் திமில் போல இருக்கும் மூடியின் திருகுகளைக் கழற்றினோம். உன் அப்பாவின் வண்டியில் இருப்பது அழுத்திய அட்டைப் பலகையாலான மூடி. ஓரங்கள் மழைநீரில் ஊறி அப்பளம் போல நொறுங்கியிருந்தன. பிறகு புரொபெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் சிலிண்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக விடுவித்து, எஞ்சினின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கி, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளை எடுத்தோம். இந்தக் கட்டத்தில் பாய் மிகவும் கண்டிப்பாக இருந்தார். கியர் பாக்ஸ் முழுவதுமாக வெளியே வரும் வரை அதன் எடை ஒரு கணம்கூடக் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கக் கூடாது. தொங்கினால் பிளேட் வளைந்துவிடும், பிறகு புதிதாகப் போட்ட கிளட்ச்சும் அதிரும். அவருடைய உதவியாளரான தம்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து நேராகப் பின்னோக்கி இழுத்து, இடது கதவு வழியாக வெளியே எடுத்து வைத்தோம். ஹெரால்டு கார்கள் தயாரான பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் 1966-இல் பொருத்தப்பட்ட பெட்டி என் முற்றத்துச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிச் சுவர் அலுவலகங்கள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண்கள் பழைய வாசலைத் தேடுகின்றன.

எண்ணெயை வடித்தபோதே பாதிக் கதை தெரிந்துவிட்டது. கறுத்த எண்ணெயில் பொன் தூளைத் தூவியது போலப் பித்தளை மினுமினுத்தது. கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோமெஷ் வளையங்கள் கரைந்து எண்ணெயில் கலந்திருக்கின்றன. நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய அதே பணிமனையில்தான் சில ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் மாற்றினார்கள். அப்போது ஊற்றியது ஜிஎல்-5 வகை என்பது பில்லைத் தேடி எடுத்துப் பார்த்ததும் உறுதியானது. பின் ஆக்சிலுக்கு ஏற்ற எண்ணெய் அது. அதில் அதிக அளவில் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் கலவை இரும்புப் பற்களைக் காக்கும், ஆனால் பித்தளையை அரித்துவிடக்கூடும். இந்த வண்டியின் காலத்துப் பெட்டிகளுக்கு ஜிஎல்-4 வகைதான் ஏற்றது. இரண்டு டப்பாக்களும் பார்வைக்கு ஒன்றாகவே இருப்பதால், எண்ணைப் படிக்காமல் ஊற்றிவிடுகிறார்கள். நானும் படிக்காமல் பணம் கொடுத்தேன் என்பது என் வருத்தம்.

இனி அந்தச் செய்திக்கு வருகிறேன். லே ஷாஃப்டின் கியர் தொகுதி நேரடியாகத் தண்டின் மேல் சுற்றுவதில்லை. இரண்டு முனைகளிலும் தீக்குச்சியைவிடக் குட்டையான ஊசி ரோலர்கள் தனித்தனியாக வரிசையாக நிற்கின்றன. தண்டை உருவினால் அத்தனையும் உதிர்ந்து பெட்டிக்குள் சிதறிவிடும். மறுபடி மாட்டும்போது கிரீஸைப் பசையாகத் தடவி ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தாலும், தண்டு நுழையும் நேரத்தில் ஒன்று சாய்ந்தால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு வேலை தெரிந்தவர்கள் ஒரு போலித் தண்டு செய்து வைத்துக்கொள்வார்கள். அதன் விட்டம் நிஜத் தண்டின் விட்டமே. நீளம் மட்டும் கியர் தொகுதியின் நீளத்துக்குச் சரியாக இருக்கும். அதை வைத்து நிஜத் தண்டை வெளியே தள்ளினால், ரோலர்கள் இடம் பெயராமல் போலித் தண்டின் மேலேயே நின்றுவிடும். தொகுதி முழுதாகப் பெட்டியின் அடியில் இறங்கிப் படுத்துக்கொள்ளும்.

லேத்துக்குப் போய் ஒன்று கடைந்து வாங்கி வரலாம் என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்குச் சட்டென்று அப்பாவின் கருவிப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் அரையடி அளவில் ஓர் இரும்புத் தண்டு கிடக்குமே, நினைவிருக்கிறதா? நாம் இருவரும் அதைக் கொண்டு புளியங்கொட்டை உடைத்து அவரிடம் திட்டு வாங்கினோம். பெரம்பூர் ரயில்வே பட்டறையிலிருந்து எடுத்து வந்த ஏதோ துண்டு என்றுதான் இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு முனைகளும் கூர்மை நீக்கப்பட்டு, உடல் முழுவதும் கண்ணாடிபோல் தேய்க்கப்பட்டிருந்தது. ஒரு முனையில் நாம் உடைத்த புளியங்கொட்டைகள் பட்ட தழும்பு. பாய் அதை வாங்கி வெர்னியரில் அளந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு லே ஷாஃப்டின் முனையில் வைத்து மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார். நிஜத் தண்டு மறுபக்கம் வெளியே வந்தது. அப்பாவின் தண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு ரோலர்கூட உதிரவில்லை.

அப்படியென்றால் அப்பா இந்தப் பெட்டியை ஏற்கெனவே ஒரு முறை தன் கையாலேயே பிரித்திருக்கிறார். அதற்கு இன்னொரு சான்றும் உள்ளே இருந்தது. கியர் தொகுதியின் ஒரு முனையில் இருந்து அதன் முன்பின் அசைவைக் கட்டுப்படுத்த வேண்டிய திரஸ்ட் வாஷர் என்ற வட்டத் தகடு தொழிற்சாலையில் செய்ததாக இல்லை. வெண்கலத் தகட்டை வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, எண்ணெய் ஓடுவதற்கான பள்ளங்களை ஹாக்ஸா பிளேடால் கீறியிருந்தார். பள்ளங்கள் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் இருந்தன. விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தால் அரம் ஓடிய மெல்லிய கோடுகள் இன்னும் தெரிகின்றன. தடிமனை அளந்தோம், தொகுதியை உள்ளே வைத்து அதன் முன்பின் அசைவையும் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. புதிய வாஷர் கைவசம் இருந்தும் அதை மாட்டவில்லை. அப்பாவின் வாஷரையே திரும்பப் போட்டேன். பாயும் அதைத்தான் செய்யச் சொன்னார்.

பழைய லே ஷாஃப்டைப் பார்த்தால் உனக்கு வியப்பாக இருக்கும். அந்தத் தண்டு சுற்றாது. பெட்டியோடு அசையாமல் நிற்கும். தொகுதிதான் அதன் மேல் சுற்றும். ஆகவே சுமை விழும் ஒரு பக்கம் மட்டும் அம்மைத் தழும்பு போலக் குழிகள். மறுபக்கம் புதிது போலப் பளபளப்பு. லேத்துக்காரர் நானே ஒன்று கடைந்து தருகிறேன் என்றார். மேல்தோலை மட்டும் கடினமாக்கிப் பிறகு சாணை பிடித்த எஃகு அல்லாமல் வேறு எதைப் போட்டாலும் ஓராண்டில் தேய்ந்துவிடும் என்பதால் மறுத்துவிட்டேன். 1962-இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரும் ஹெரால்டின் அதே குடும்பத்துப் பெட்டியோடுதான் ஓடியது என்பதால், இங்கிலாந்தில் இந்த உதிரிகள் இன்றும் கிடைக்கின்றன. உன் மகளைத் தொந்தரவு செய்தது அதற்காகத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெயின் ஷாஃப்டிலிருந்து கியர்களை விடுவிக்கக் கழற்ற வேண்டிய சர்க்ளிப் என்ற பூட்டு வளையம் ஒரு முழுப் பகலை விழுங்கியது. பழைய சிங்க்ரோ வளையத்தைக் கியரின் கூம்பில் வைத்து அழுத்தினால் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. புதியது எடுப்பாகத் தள்ளி நின்றது. பெரிய பேரிங்குகளை அவற்றின் விளிம்பில் பொறித்திருந்த எண்ணைக் காட்டிக் கடையில் வாங்கினோம். மூன்றாவது கியர் நழுவியதற்குக் காரணம் கியரை நகர்த்தும் செலக்டர் தண்டைப் பிடித்திருக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்ததுதான். அந்தக் குண்டு கழற்றும்போது எகிறிப்போய்த் துளசி மாடத்தின் அடியில் விழுந்து, தம்பி அரைமணி நேரம் தேடி எடுத்தான். எஞ்சினின் கிராங்க் முனையில் இருந்த தேய்ந்த புஷ்ஷை, அதாவது துளைக்குள் இருக்கும் சிறு உலோகக் குழலை, எடுக்கப் பாய் செய்த வேலையை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. துளை நிறையக் கிரீஸை அடைத்து, அதில் சரியாகப் பொருந்தும் ஒரு தண்டை வைத்து ஓங்கி அடித்தார். போக வழியில்லாத கிரீஸ் புஷ்ஷின் பின்புறம் புகுந்து அதை முன்னே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. புதிய புஷ்ஷை ஓர் இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டோம்.

நேற்றுக் காலை பெட்டியை ஏற்றி முடித்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கத் துளையில் வழியும் வரை ஜிஎல்-4 எண்ணெய் ஊற்றினோம். ஒரு லிட்டர் டப்பாவில் மிச்சம் இருக்கிறது. மாலையில் பாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வண்டலூர் வரை போய்வந்தேன். இரண்டாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுகிறது. மூன்றாவதில் மேம்பாலம் ஏறி இறங்கினேன், நழுவவில்லை, முனகவில்லை. முதல் கியருக்கு மட்டும் சிங்க்ரோமெஷ் கிடையாது என்பதால் வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் போட வேண்டும். அப்பா நமக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சிக்னலில் ஒவ்வொரு முறையும் "நிக்கட்டும், நின்ன பிறகு போடு" என்று சொல்வாரே, அது இதற்காகத்தான்.

பழைய லே ஷாஃப்டையும் தேய்ந்த வளையங்களையும் துடைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு உனக்காக வைத்திருக்கிறேன். அந்த இரும்புத் தண்டு மீண்டும் கருவிப் பெட்டியிலேயே இருக்கிறது. அது உன்னுடையது, நீ கேட்டால் அனுப்பிவைக்கிறேன். இல்லையென்றால் வண்டியோடேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அப்பா எண்ணெய் மாற்றிய தேதி, பெட்ரோல் கணக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்த நீல அட்டை நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது என்று அம்மா முன்பு ஒருமுறை சொன்னதாக நினைவு. அதை எடுத்துப் பார்த்து, அவர் இந்தப் பெட்டியைப் பிரித்தது எந்த ஆண்டு, அப்போது வண்டி எத்தனை மைல் ஓடியிருந்தது என்று எழுது. என் நோட்டில் நேற்றைய தேதிக்கு மேலே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்
நண்பன்