தோட்டப் பாடசாலைகளின் கணினிக் கூடங்களுக்குத் தமிழில் விதிமுறை வேண்டும்

மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மாகாணக் கல்வித் திணைக்களம்,
மத்திய மாகாணம்,
கண்டி.

வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

பாடசாலைகளில் கணினி, இணையப் பாவனைக்கு எழுத்து மூல விதிமுறை கோரல்

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் பெற்றோரும் பழைய மாணவர்களும் சேர்ந்து இந்த மனுவை எழுதுகிறோம். பாடசாலையின் பெயரைப் போடவில்லை. எந்த அதிபர் மீதும் ஆசிரியர் மீதும் முறைப்பாடு சொல்வது எங்கள் நோக்கமல்ல. பக்கத்துத் தோட்டத்துப் பெற்றோரிடம் விசாரித்தால் அவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் பாடசாலையில் கணினிக் கூடம் இருக்கிறது. வேலை செய்யும் கணினிகளும் இருக்கின்றன. ஆனால் கதவு பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. தரம் 10இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். இலத்திரனியல் விரிதாள் பாடத்துக்கு அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, ஏ, பி, சி என்று நிரல்களுக்குப் பெயர் போட்டு, கூட்டல் சூத்திரத்தையும் எழுதி, விடையைக் கையாலேயே கூட்டி நிரப்பியிருக்கிறாள். விடை சரி. அதே விடையைக் கணினி ஒரு நொடியில் போட்டுக் காட்டுவதை அவள் இன்னும் கண்ணால் காணவில்லை. க.பொ.த. சாதாரண தரத்துக்கு இந்தப் பாடத்தை எடுத்திருக்கும் பிள்ளை அவள்.

கதவு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டோம். கிடைத்த பதில் எங்களுக்கும் விளங்குகிறது. கணினிகள் அரச சொத்து. பொருட்பதிவேட்டில் ஏறியவை. ஒன்று பழுதானாலோ காணாமற்போனாலோ அரச சொத்து இழப்புகளைப் பற்றிய நிதிப் பிரமாணம் 104இன்படி விசாரணை வரும், பொறுப்பானவரின் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். ஒரு மவுஸ் உடைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்றால், எந்த ஆசிரியர் நாற்பது பிள்ளைகளை உள்ளே விடுவார்? பூட்டி வைத்தவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பாவிக்கக் கொடுத்தவருக்குத்தான் தலைவலி. இதை ஆசிரியரின் அசட்டை என்று நாங்கள் நினைக்கவில்லை. அவருக்குக் காவலாக ஒரு விதி எழுத்தில் இல்லாததுதான் குறை.

அதனால் எங்கள் முதல் கோரிக்கை இது. பிள்ளைகள் பாவிப்பதால் வரும் வழமையான தேய்மானம் எது, கவனக்குறைவு எது, களவு எது என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லும் சுற்றறிக்கை ஒன்று வேண்டும். கூடத்தில் ஒரு பதிவேடு இருக்கட்டும். எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, எந்தக் கணினி, பழுது கண்டால் என்ன பழுது என்று அன்றைக்கே எழுதினால் போதும். அப்படி எழுதி வைத்த ஆசிரியரிடம் தேய்மானத்துக்காகப் பணம் அறவிடக்கூடாது.

மின்னலைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும், கொழும்பில் இருந்து வரும் அறிவுறுத்தல்களில் மலைநாட்டு மின்னல் இடம்பிடிப்பதில்லை. சித்திரையிலும், மறுபடி ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரமானால் இடி முழக்கம்தான். ரவுட்டரும் கணினியின் பவர் சப்ளையும் எரிவது அப்போதுதான். பாடசாலை விடும்போது மின்செருகியையும் தொலைபேசி வயரையும் கழற்றிவிட்டுக் கையொப்பம் இட வேண்டும் என்று விதி போடுங்கள். அதைச் செய்திருந்தும் எரிந்தால் அது இயற்கை அனர்த்தம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணமும் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் போடாமல் கிடக்கும் கணினி மழையிலும் பனியிலும் ஈரம் பிடித்துத் தானாகவே கெட்டுப்போகிறது.

கூடத்துச் சுவரில் இப்போது இருக்கும் அறிவித்தல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. விதிகள் தமிழில், பிள்ளைக்கு விளங்கும் வசனங்களில் இருக்க வேண்டும். என்ன செய்யக்கூடாது என்பதோடு எவற்றைச் செய்யலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடம் பார்க்கலாம், கடந்தகால வினாத்தாள் எடுக்கலாம், தமிழில் தட்டச்சுப் பழகலாம் என்று எழுதிப் போடுங்கள். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்கக்கூடாது, வேலை முடிந்தால் கணக்கை விட்டு வெளியேற வேண்டும், திரைகள் ஆசிரியருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பவை எல்லோரும் அறிந்தவை. அவற்றை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்கிறோம். இணையத்தில் ஒரு பிள்ளை தகாத ஒன்றைத் தற்செயலாகக் கண்டாலோ, யாராவது படத்தை வைத்து மிரட்டினாலோ, அதை வந்து சொல்கிற பிள்ளைக்குத் தண்டனை கிடையாது என்று விதியிலேயே எழுத வேண்டும். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று முதல் கேள்வி வந்தால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை வாயே திறக்காது. குறிப்பாகப் பெண்பிள்ளைகள் அடிக்கும் பழிக்கும் பயந்து மறைத்துவிடுகிறார்கள். யாரிடம் சொல்வது என்று ஓர் ஆசிரியையின் பெயரும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

பாடசாலையின் முகநூல் பக்கங்களில் வரும் படங்கள் எங்கள் மனதை நோகடிக்கின்றன. சப்பாத்து, கொப்பி, உலர் உணவு கொடுக்க வருகிறவர்களுக்கு நாங்கள் நன்றி உள்ளவர்கள். ஆனால் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் பிள்ளையின் முகம், பெயரோடும் வகுப்போடும் தோட்டத்தின் பெயரோடும் ஏன் உலகத்துக்குப் போக வேண்டும்? நாளைக்கு அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகும், வேலைக்குப் போகும், அப்போதும் அந்தப் படம் அங்கேயே கிடக்கும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது. பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் பிள்ளையின் முகத்தைப் போடக்கூடாது, உதவி வாங்கும் பிள்ளையின் முகத்தைச் சம்மதம் தந்தாலும் போடக்கூடாது என்று விதி வேண்டும். உதவி செய்கிறவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் போன் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது பாடங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. அந்தப் பழக்கம் நிற்கவில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு பீடிஎஃப் வரும், காலையில் செய்து கொண்டுவர வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாழும் குடும்பத்துக்கு ஒரு போன் இருந்தால், அது அநேகமாகக் கொழும்பில் வேலை செய்யும் அப்பாவிடம் இருக்கிறது. வீட்டில் இருந்தாலும் ரீலோட் போட வேண்டும், சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா இருட்டில் பிள்ளையை அனுப்புவாரா? வாட்ஸ்அப்பில் வரும் எந்த வேலையும் வகுப்பில் எழுதியும் கொடுக்கப்பட வேண்டும், அதைப் பார்க்காததற்காகப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது. அதற்குப் பதிலாகக் கிழமையில் இரண்டு நாள் பாடசாலை விட்ட பிறகு ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணிவரை கூடத்தைத் திறந்து வைத்தால், இணையம் தேவைப்படும் வேலையை அங்கேயே செய்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆசிரியருக்குத் துணையாகப் பெற்றோரில் ஒருவர் முறை வைத்து அங்கே இருக்க நாங்கள் தயார். உயர்தரம் முடித்த பழைய மாணவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளியார் பாடசாலைக்குள் வருவதற்கு அனுமதி தேவை என்பதால் அதையும் இம்மனுவிலேயே கேட்கிறோம்.

விதிமுறை தயாரிக்கும்போது தோட்டப் பாடசாலை ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் எல்லோருக்கும் வசதி. வேறு நாள் என்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், ஆனாலும் வருவோம். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் பதில் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறோம். ஒப்பமிட்டோர் பட்டியலும் பாடசாலையின் விபரமும் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
தோட்டப் பாடசாலைப் பெற்றோரும் பழைய மாணவர்களும்,
அட்டன்.