சியாமெனில் திறக்காத கிரானைட் இணையதளங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி, ஓசூர், மேலூர் பக்கம் கிரானைட் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். நம் பாரடைசோ, காஷ்மீர் ஒயிட் கிரானைட் ரகங்களை வாங்குகிற சீன வியாபாரிகளில் பலர் ஃபூஜியன் மாகாணத்தில், சியாமெனிலும் அதற்குப் பக்கத்தில் சுய்தோவிலும் இருக்கிறார்கள். பெரிய கல் கண்காட்சி நடப்பதும் சியாமெனில்தான். கண்காட்சியில் வாங்கிப் போன விசிட்டிங் கார்டைப் பார்த்து அவர்கள் ராத்திரி நம் தளத்தைத் திறந்தால், பல நேரம் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. கல்லைப் பார்க்காமல் யார் விலை கேட்பார்கள்?

ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க சர்வரில் இடம், விற்கிறவரிடம் கேட்டால் "சிங்கப்பூர் சர்வர் போடுங்க சார், சீனாவுக்குப் பக்கம்" என்கிறார். வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் தகவல் வரைபடத்தைப் பார்த்துப் போவதில்லை. சைனா டெலிகாம், சைனா யூனிகாம், சைனா மொபைல் ஆகிய மூன்று நிறுவனங்களின் இணைப்பில்தான் அந்த நாடு முழுக்க இயங்குகிறது, வெளிநாட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ என்ற மூன்று வாசல்கள் வழியாக உள்ளே போகிறது. அங்கே இரவு 8 மணி முதல் 11 மணி வரை இந்த வாசல்கள் தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிருஷ்ணகிரி டோல்கேட் மாதிரி ஆகிவிடும். நம் கணக்கில் அது மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை. விற்கிறவர் காலை 11 மணிக்குச் சோதித்துக் காட்டினால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதுவும் போக, அந்த சிங்கப்பூர் நிறுவனத்துக்கு சீனாவோடு நேரடித் தொடர்பு இல்லையென்றால் தகவல் அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சுற்றிக்கொண்டு போவதும் உண்டு, 50, 60 மில்லி செகண்டில் முடிய வேண்டியது 200ஐத் தாண்டும்.

அதனால் எந்த ஊர் சர்வர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். சைனா டெலிகாமின் சாதாரணப் பாதைக்கு 163 என்று பெயர், நெரிசல் அதில்தான். சிஎன்2 என்பது அதே நிறுவனம் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு தரும் தனிப் பாதை. சர்வரிலிருந்து சியாமெனில் உள்ள ஒரு இணைய முகவரிக்கு டிரேஸ்ரூட் (தகவல் எந்தெந்த இடம் வழியாகப் போகிறது என்று காட்டும் சோதனை) போட்டால் வரிசையாக எண்கள் வரும். அதில் 59.43 என்று தொடங்குபவை சிஎன்2, 202.97 என்று தொடங்குபவை 163. கடலைத் தாண்டும்வரை 59.43 வந்து, சீனாவுக்குள் நுழைந்த பிறகு 202.97 ஆக மாறினால் அது ஜிடி என்கிற மலிவு ரகம்; சீனாவுக்குள்ளும் 202.97 வராமல் 59.43 ஆகவே போனால் அது ஜிஐஏ என்கிற உயர்ந்த ரகம். இந்தச் சோதனையை சர்வர் பக்கத்திலிருந்து செய்வதுதான் முக்கியம், ஏனென்றால் கல்லின் படங்கள் அந்தத் திசையில்தான் போகின்றன, ஒரு திசையில் மட்டும் நல்ல பாதையை வைத்துக்கொண்டு "சிஎன்2" என்று விளம்பரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வாடிக்கையாளர் வடக்கே ஷான்டாங்கின் லைசோ பக்கம் என்றால் யூனிகாமின் நல்ல பாதையான 9929 இருக்கிறதா என்று பாருங்கள். சைனா மொபைலின் நல்ல பாதைக்கு சிஎம்ஐஎன்2 என்று பெயர்.

ஹாங்காங்கா, லாஸ் ஏஞ்சலிஸா என்றும் கேட்கிறார்கள். ஹாங்காங்கிலிருந்து ஷாங்காய்க்கு நல்ல பாதையில் 30 மில்லி செகண்ட் போதும், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 130க்கு மேல் ஆகும். ஆனால் ஹாங்காங்கில் இந்த ரக இணைப்பு விலை அதிகம் என்பதால் 2 எம்பிபிஎஸ், 5 எம்பிபிஎஸ் என்று கிள்ளித்தான் தருவார்கள். 5 எம்பிபிஎஸ்ஸில் 3 எம்பி அளவுள்ள ஒரே ஒரு ஸ்லாப் (கல் பலகை) படம் இறங்கவே 5 செகண்ட் ஆகும். பக்கம் முழுக்க படம் வைத்திருக்கிற கிரானைட்காரருக்கு, அகலமான ஜிஐஏ இணைப்போடு வருகிற லாஸ் ஏஞ்சலிஸ் சர்வரே மேல் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் படங்களை முதலில் சுருக்குங்கள், அதற்குச் செலவே இல்லை.

சீனாவுக்குள்ளேயே சர்வர் வைக்கலாமே என்றால், அதற்கு அந்த நாட்டு அரசிடம் ஐசிபி பதிவு வேண்டும், சீனாவில் பதிவான நிறுவனம் இல்லாத நம் சிறு ஏற்றுமதியாளருக்கு அது கிடைக்காது. ஹாங்காங்குக்கு அந்தப் பதிவு தேவையில்லை. பல நாடுகளில் மையம் வைத்து தளங்களை வேகமாகக் காட்டும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் இலவசத் திட்டமும் இதற்குக் கைகொடுக்காது, சீனாவுக்குள் இருக்கிற மையங்களைப் பயன்படுத்த அதே பதிவையும் பெரிய திட்டத்தையும் கேட்பார்கள்.

அப்புறம், சர்வர் எவ்வளவு வேகமானாலும் முகப்பில் கூகுள் மேப்பும் யூடியூப் வீடியோவும் இருந்தால் அவை அங்கே திறக்காது, சில தளங்களில் அவற்றுக்காகக் காத்திருந்தே முழுப் பக்கமும் நின்றுவிடும். எடுத்துவிட்டு, வீடியோவை உங்கள் சர்வரிலேயே வையுங்கள்.

ஏற்றுமதியாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் அமைப்புகள் கடிதம் எழுதுவது, கண்டெய்னர் பதிவு செய்வது எல்லாம் சொல்லிக் கொடுக்கின்றன. இதையும் ஒரு மணி நேரம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, தெரிந்த சீன வாடிக்கையாளர் ஒருவருக்கு வீசாட்டில் (சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரி) தள முகவரியை அனுப்பி, அவர் நேரம் இரவு 9 மணிக்குத் திறந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர்