தண்ணீர் பில்லில் இருந்த எழுத்து

மொரியோகா, ஜப்பான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

போன வாரம் போனில், 'புஷிதோ' என்ற ஜப்பானியச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று கேட்டீர்களே, அன்றிலிருந்து அதே நினைப்புதான். மூன்று எழுத்துச் சொல் அது. முதல் இரண்டும் சேர்ந்தால் போர்வீரன். மூன்றாவது எழுத்து 'தோ', அதாவது வழி. அதே எழுத்து என் வீட்டுத் தண்ணீர் பில்லிலும் இருக்கிறது: 'சுய்தோ', நீர் வரும் வழி. ரயிலுக்கு 'தெட்சுதோ', அப்படியே நம் இருப்புப்பாதை! ஜூடோ, கெண்டோ என்னும் வாள்கலை, எல்லாவற்றிலும் அதுதான். சீனர்கள் அதே மூன்று எழுத்தை 'வூஷிதாவ்' என்று படிக்கிறார்கள், கொரியர்கள் 'முசாதோ' என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் அது 'கோட்' (code) ஆகிவிட்டது, ஏதோ எழுதிவைத்த சட்டம் போல. அந்தக் காலத்து ஜப்பானியப் போர்வீரர்களான சாமுராய்கள் எல்லோருக்கும் பொதுவான சட்டப் புத்தகம் எதுவும் இருந்ததில்லை. முன்பு 'வில்லின், குதிரையின் வழி' என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் 'புஷிதோ' என்ற பெயரைப் பரப்பியவர் இந்த ஊரில் பிறந்த நிதோபே இனாசோ. மதபோதனை இல்லாமல் பிள்ளைகளுக்கு எப்படி ஒழுக்கம் கற்பிக்கிறீர்கள் என்று பெல்ஜியத்துச் சட்ட அறிஞர் ஒருவர் கேட்டது அவர் மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பதிலாக 1900இல் புஷிதோ பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஜப்பானிய மொழிக்கு அது வந்ததே 1908இல்தான். சாமுராய்கள் வாள் அணிவதை அரசு தடை செய்து அதற்குள் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிற்பாடு போர்க்காலத்தில் இந்தப் பெயரைச் சொல்லியே இளைஞர்களைச் சாக அனுப்பினார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சனிக்கிழமைகளில் கெண்டோ பழகுகிறேன். வகுப்புக்கு முன்னால் நாங்களே குனிந்து தரையைத் துடைக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு போட்டியில், ஒரு பையனின் மூங்கில் வாள் எதிராளியின் தலைக்கவசத்தில் 'டப்'பென்று விழுந்தது. நல்ல அடி. நடுவர்கள் கொடியும் உயர்த்திவிட்டார்கள். அவன் சந்தோஷத்தில் கையை உயர்த்தினான், அவ்வளவுதான், புள்ளியை ரத்து செய்துவிட்டார்கள். தோற்றவன் எதிரில் நிற்கும்போது துள்ளக் கூடாதாம். பையன் ஒன்றும் பேசாமல் தலை வணங்கிவிட்டு வந்தான்.

அதனால் 'வீரர் நெறி' என்றே எழுதுங்கள் அப்பா. நெறி என்றால் பாதை, ஒழுக்கம் இரண்டும்தானே. ஆங்கிலத்தில் விட்டுப்போனது நம்மிடம் ஒரே சொல்லில் இருக்கிறது.

அப்புறம், அந்த 'தோ' எழுத்தை மையில் எழுதிப் பழகுகிறேன். ஒழுங்காக வந்ததும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்