கண்டம் செய்யும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட் காலம் தொடங்கிவிட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் லேப் பீரோக்களைத் திறந்தால் ‘ஒர்க் ஆகவில்லை’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீடியோ போர்டுகள், அதாவது கேமரா படத்தைக் கையாளும் சிறு கணினிப் பலகைகள், கிடக்கும். பழைய டாவின்சி, பீகிள்போர்டு, ராஸ்பெரி பை, ஜெட்சன் நானோ என்று பல வகை. வருடக் கடைசியில் இவற்றைக் கண்டம், அதாவது பயன்படாதவை என்று கழிக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டுப் புதிதாக வாங்க இண்டென்ட் எழுதுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கின்றன. ஒரு கேபிள், ஒரு ஜம்பர், ஒரு வரி அமைப்பு தவறியிருக்கும், அவ்வளவுதான். லேப் உதவியாளர்களும் மாணவர்களும் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

படம் வராவிட்டால் மாணவர்கள் உடனே புரோகிராமைத் திருத்த உட்காருகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது மின்சாரம். மலிவான யுஎஸ்பி கேபிளில் 28 கேஜ் கம்பிதான் இருக்கும். அதன் தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம் ஆகிறது. 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் கேபிளிலேயே தீர்ந்து, 5 வோல்ட் அடாப்டரிலிருந்து போர்டுக்குப் போய்ச் சேர்வது 4.15 வோல்ட். ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கும். சும்மா இருக்கும்போது கரண்ட் குறைவு என்பதால் டெஸ்க்டாப் ஒழுங்காக வந்துவிடும். கேமராவைத் திறந்து என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும் வேலை) தொடங்கியதும் வோல்ட் சரியும், போர்டு ரீசெட் ஆகும். ‘கோடு ஓட்டினால்தான் ஹேங் ஆகிறது’ என்று மாணவர் சொல்வது உண்மைதான், ஆனால் குற்றம் கோடில் இல்லை. அதனால் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ராஸ்பெரி பையின் 40 பின் வரிசையில் 6-ஆம் பின்னில் கறுப்பு புரோபும் 2 அல்லது 4-ஆம் பின்னில் சிவப்பு புரோபும் வையுங்கள். 4.8 வோல்ட்டுக்குக் குறைந்தால் கேபிளை மாற்றுங்கள். பை 4-க்கு உரிய அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். செல்போன் சார்ஜர் அந்த இடத்தை நிரப்பாது. மீட்டர் இல்லாவிட்டால் விசிஜென்சிஎம்டி கட்டளையில் ‘கெட் த்ராட்டில்ட்’ (vcgencmd get_throttled) கேட்டுப் பாருங்கள். வெறும் பூஜ்யம் வந்தால் நலம். 50000 என்று முடிந்தால் போர்டை ஆன் செய்தபின் எப்போதோ வோல்ட் குறைந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமே அப்படி நடக்கிறது.

ஜெட்சன் நானோவில் வேறொரு சிக்கல். வட்ட பிளக் உள்ள 5 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டரைச் செருகினாலும், ஜே48 என்ற ஜம்பரைப் போடாவிட்டால் போர்டு அந்த வழியில் மின்சாரம் எடுக்காது. விளக்கே எரியாததால் ‘செத்துவிட்டது’ என்று பீரோவுக்குப் போய்விடும். அந்த ஜம்பர் துண்டு கீழே விழுந்து தொலைந்திருக்கும். பழைய கணினி மதர்போர்டில் கிடைக்கும் ஜம்பர் துண்டே போதும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சிசிடிவி கேமரா, வைஃபை ரூட்டர் ஆகியவற்றின் 12 வோல்ட் அடாப்டருக்கும் இந்த 5 வோல்ட் போர்டுகளுக்கும் பெரும்பாலும் ஒரே 5.5 மில்லிமீட்டர் பிளக். ஒரு தடவை மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். லேபில் உள்ள ஒவ்வொரு அடாப்டரின் வயரிலும், பிளக்குக்குப் பக்கத்திலேயே வோல்ட்டை எழுதி டேப் ஒட்டுங்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை யாரும் மேசைக்கு அடியில் குனிந்து படிப்பதில்லை.

அடுத்தது எர்த். நம் பக்கம் பாறை நிலம். கோடையில் எர்த் குழி காய்ந்து, மூன்றாவது பின் பேருக்குத்தான் இருக்கும். டிவி, மானிட்டர், லேப்டாப் அடாப்டர் எல்லாவற்றிலும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரம் மாற்றும் சர்க்யூட் இருக்கிறது. அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகச் சிறு கசிவு உண்டு. சரியான எர்த் இல்லாதபோது மானிட்டரின் கிரவுண்ட், மெயின்ஸில் பாதியான 115 வோல்ட் அளவில் மிதக்கும். டெஸ்டர் லேசாக எரிவதும், எச்டிஎம்ஐ பிளக்கைத் தொட்டால் சுருக்கென்று கடிப்பதும் இதனால்தான். கசிவு சிறியது. ஆனால் கரண்ட் இருக்கும்போதே கேபிளைச் செருகினால், கிரவுண்ட் சேரும் முன் அந்த வோல்ட் டேட்டா பின்களில் பாயும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சிப் அதைத் தாங்காது. போர்டு பூட் ஆகிறது, நெட்வொர்க்கில் கிடைக்கிறது, டிவியில் மட்டும் படம் வருவதில்லை என்றால் பெரும்பாலும் இப்படி எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் போனதாக இருக்கும். லேபில் உள்ள சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஃபேஸ்-எர்த் 150 என்று தொங்கினால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைச் சீராக்கச் சொல்லுங்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். எல்லாக் கேபிளையும் மாட்டி, பிறகு டிவியை ஆன் செய்து, கடைசியாகப் போர்டுக்குக் கரண்ட் கொடுப்பது நல்ல பழக்கம். இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. பூட் ஆகும்போது டிவி அணைந்திருந்தால், எதிரே திரை இருப்பதே சில போர்டுகளுக்குத் தெரியாது, படம் தராது. பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகளில் மின்சாரத் துளைக்குப் பக்கத்தில் உள்ளதில் முதலில் மாட்டிப் பாருங்கள்.

மின்சாரம் சரியாக இருந்தும் திரை கறுப்பாக இருந்தால் சீரியல் கன்சோல் (போர்டு அனுப்பும் செய்திகளை எழுத்தாகக் கணினியில் காட்டும் இணைப்பு) மாட்டாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். வேகம் 115200, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். ஒன்பது பின் உள்ள பழைய டாவின்சி போர்டுக்கு ஆர்எஸ்-232 கேபிள் வேண்டும். ராஸ்பெரி பையின் பின்களுக்கு 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிள்தான். ஆர்எஸ்-232 கேபிளை ராஸ்பெரி பையின் பின்களில் மாட்டினால் சிப் போய்விடும். கிரவுண்டை 6-ஆம் பின்னில் மாட்டுங்கள். கேபிளின் ஆர்எக்ஸ் 8-ஆம் பின்னுக்கும் டிஎக்ஸ் 10-ஆம் பின்னுக்கும் போகட்டும். சிவப்பு வயரை எதிலும் மாட்ட வேண்டாம். எழுத்துகள் குப்பையாக வந்தால் வேகம் தவறு, அல்லது கிரவுண்ட் லூஸ். எழுத்து வருகிறது, ஆனால் தட்டினால் ஒன்றும் ஆகவில்லை என்றால் மினிகாம் என்ற சீரியல் மென்பொருளின் அமைப்பில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல் ஆன் ஆகியிருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அரை நாள் தொலைப்பவர்கள் நிறையப் பேர். பீகிள்போர்டில் ‘கர்னல் தொடங்குகிறது’ என்ற வரியோடு எல்லாம் நின்றுவிட்டால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பெரும்பாலும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். கர்னல் பதிப்பு மாறியபோது சீரியல் போர்ட்டின் பெயர் டிடிஒய்எஸ்2 என்பதிலிருந்து டிடிஒய்ஓ2 என்று மாறியது, பிறகு மீண்டும் பழைய முறைக்கே திரும்பியது. பூட் வரியில் (தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரியில்) உள்ள பெயரும் கர்னல் எதிர்பார்க்கும் பெயரும் ஒத்துப்போகாததே காரணம்.

கர்னலை ஏற்றித் தொடங்கும் சிறு மென்பொருளான யூ-பூட்டில் எதையும் மாற்றுவதற்கு முன் பிரிண்ட்என்வ் (printenv) கட்டளை கொடுத்து, வருவதை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து, ஒரு தாளில் அச்செடுத்துப் போர்டின் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். டாவின்சி டிஎம்6446 போர்டுகள் பழுதாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் அந்த பூட் வரிதான். போர்டில் 256 எம்பி நினைவகம். அதில் 120 எம்பி மட்டும் லினக்ஸுக்கு என்று பூட் வரியில் எழுதியிருக்கும். மீதியில்தான் வீடியோ பஃபர்களும், வீடியோ கணக்கைச் செய்யும் டிஎஸ்பியும் இயங்கும். யாராவது அந்த 120 என்ற பகுதியை அழித்துவிட்டால் லினக்ஸ் முழு நினைவகத்தையும் எடுத்துக்கொள்ளும். போர்டு நன்றாகப் பூட் ஆகும், ஆனால் அந்த மீதி நினைவகத்தை வீடியோவுக்கு ஒதுக்கித் தரும் சிமெம் மாட்யூல் ஏறாது. கர்னலின் இடத்தோடு முட்டுகிறது என்று பிழை காட்டும், டெமோ எதுவும் ஓடாது. நினைவகத்தின் தொடக்க முகவரி ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்ணில்) 80000000. அதோடு 120 எம்பியைக் கூட்டினால் 87800000. சிமெம் தொடங்கும் முகவரி இதற்குக் கீழே இருக்கக் கூடாது. இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும்.

அதே போர்டை நெட்வொர்க் வழியாகப் பூட் செய்பவர்கள், லேப் கணினிக்குப் புதிய உபுண்டு ஏற்றியபின் ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகவில்லை என்று தவிப்பார்கள். பழைய கர்னல், நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் முறையின் பழைய பதிப்பை யுடிபி வழியாகக் கேட்கும், புதிய உபுண்டு அதைக் கொடுக்காது. பூட் வரியில் என்எஃப்எஸ் பாதைக்குப் பின்னால் காற்புள்ளி வைத்து ‘வி3’, ‘டிசிபி’ என்று சேருங்கள். கணினியின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ (no_root_squash) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி கேமரா. நம் நாட்டு அனலாக் வீடியோ பால் (PAL) முறை: 625 வரி, விநாடிக்கு 25 படம். வெளிநாட்டுக் கிட்டுகளில் சில என்டிஎஸ்சிக்கு அமைந்து வரும்: 525 வரி, விநாடிக்கு 29.97 படம். கேமரா ஒரு முறையிலும் போர்டு வேறு முறையிலும் அமைந்தால் படம் உருளும், நிறம் போகும், அல்லது கீழே வரிகள் குறையும். போர்டில் உள்ள சுவிட்ச், டெமோவுக்குக் கொடுக்கும் அமைப்பு, மானிட்டர் மூன்றும் பால் முறையில் இருக்க வேண்டும். இப்போது இன்னொரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் சிசிடிவி கேமராக்கள் பெரும்பாலும் ஏஎச்டி, டிவிஐ போன்ற எச்டி வகை. பிஎன்சி பிளக் ஒன்றுதான், உள்ளே வரும் சிக்னல் வேறு. பழைய போர்டின் டிகோடர் சிப்புக்கு அது புரியாது. பல கேமராக்களின் வயரில் ஒரு சிறிய குமிழ் இருக்கும். அதைச் சில விநாடிகள் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் சாதாரண சிவிபிஎஸ் (பழைய அனலாக்) முறைக்கு மாறும். எந்தப் பக்கம், எத்தனை விநாடி என்பது கேமராவுக்குக் கேமரா மாறும், அதனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படம் வெளுத்துத் தெரிந்தால், வயரின் முடிவில் இருக்க வேண்டிய 75 ஓம் தடை (டெர்மினேஷன்) இல்லை. மங்கித் தெரிந்தால் இரண்டு இடத்தில் டெர்மினேஷன் ஆகியிருக்கிறது. ஒரே கேமராவை டி பிளக் போட்டு மானிட்டருக்கும் போர்டுக்கும் கொடுக்கும்போது இது நடக்கும்.

ராஸ்பெரி பை 4-இல் கேமரா ரிப்பன் 15 பின், பை 5-இல் 22 பின். பழைய ரிப்பனை வைத்துக்கொண்டு கேமரா கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டாம், 15-லிருந்து 22-க்கு மாறும் ரிப்பன் தனியாகக் கிடைக்கிறது. பை 4-இல் நீலப் பட்டை ஈதர்நெட் பக்கம் பார்க்க வேண்டும். கரண்டை அணைத்துவிட்டே மாட்டுங்கள். பை 5-இல் எச்.264 ஹார்டுவேர் என்கோடர் கிடையாது. பை 4-க்கு எழுதிய புரோகிராம் அங்கே என்கோடரைக் காணோம் என்று நின்றால் அது பழுதல்ல. எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடருக்கு மாற்றினால் ஓடும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து, தோலில் உள்ள கீறலையும் ஓட்டையையும் கேமராவால் கண்டுபிடிக்கும் புராஜெக்டை எடுக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். யுஎஸ்பி கேமரா 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அந்தப் பட்டையையும் புரோகிராம் தோலின் குறை என்று எண்ணிவிடும். லினக்ஸில் கேமராவுக்கான வி4எல்2 அமைப்பில் பவர்லைன் ஃப்ரீக்வென்சியை 1 ஆக்குங்கள், அதுதான் 50 ஹெர்ட்ஸ். எக்ஸ்போஷரை நீங்களே வைப்பதானால் 10 மில்லிவிநாடியின் மடங்காக வையுங்கள்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஹீட்சிங்க் இல்லாத போர்டு 80 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விநாடிக்கு 30 படம் எடுத்தது 12 ஆனால் முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பின்னும் உயிர் வரவில்லையா? கரண்டை எடுத்துவிட்டு 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவுங்கள், பிறகு 3.3 வோல்ட் பின்னிலும் அதேபோல் அளவுங்கள். ஓரிரு ஓம் மட்டும் காட்டி, அப்படியே நின்றால் ஷார்ட். கரண்ட் கொடுத்த சில விநாடியில் முக்கியச் சிப் கை வைக்க முடியாமல் சுட்டால் அதைக் கண்டம் செய்யலாம். அப்போதும் கேமரா, ரிப்பன், ஹீட்சிங்க், எஸ்டி கார்டு, அடாப்டர் ஆகியவற்றைக் கழற்றி, வோல்ட்டும் வகையும் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு ரிப்பனுக்காகக் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் மாணவருக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் லேப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.